கைமுண்டாவுக்குத் தனியா ஒரு நாளா?

புனேயில நம்ம ஆட்கள் இருக்கிற எந்த அபார்ட்மெண்ட் ஜிம்முக்கு வேணாலும் போய்ப் பாருங்க. திங்கள் மார்பு, செவ்வாய் பைசெப்ஸ், புதன் தோள்னு ஒரு அட்டவணை ஓடிக்கிட்டிருக்கும். காலுக்கு மட்டும் நாளே வராது :-)

வாரத்துக்கு ஆறு நாள் வர்றவங்களுக்கு இது சரியா இருக்கலாம். நமக்கு ஆபீஸ், டிராஃபிக், பசங்க ஹோம்வொர்க் போக ரெண்டு நாள், முக்கால் மணி நேரம் கிடைச்சாலே பெருசு. அதை பைசெப்ஸ் கர்ல், லெக் எக்ஸ்டென்ஷன்னு ஒரே ஒரு மூட்டு அசையுற ஐசொலேஷன் பயிற்சிகள்ல கரைக்காதீங்கங்கிறதுதான் என் கட்சி. முதல்ல ஸ்குவாட், டெட்லிஃப்ட், ரோ, பிரஸ். ரோ பண்ணும்போதே பைசெப்ஸும் வேலை செஞ்சிடுது. பெரிய தசைக் கூட்டம் முதல்ல, சின்னது அப்புறம்னுதான் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2009-ல சொல்லியிருக்கு.

இதுல அழகு மட்டும் விஷயமில்லை. நாற்பதைத் தாண்டின நம்மள்ல பலருக்கு சுகர் வாசல்லயே நிக்குது. சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை வாங்கி வச்சுக்கிற முக்கியமான இடம் தசை. பெரிய தசைகள் இருக்கிறது தொடையிலயும் பின்பக்கத்துலயும், கைமுண்டாவில இல்லை.

அப்போ ஐசொலேஷனே வேணாமா? வேணும், பெரிய பயிற்சி எட்டாத இடத்துக்கு. பின்தொடைத் தசைகள்ல ஒரு பகுதி இடுப்பைத் தொடுறதே இல்லை, முழங்காலை மட்டும்தான் மடக்கும். டெட்லிஃப்ட் அதுக்குப் போதாது, லெக் கர்ல்தான் சரி. தோளோட பக்கவாட்டுக்கு லேட்டரல் ரெய்ஸும் அப்படித்தான்.

இன்னொரு இடம்தான் எனக்கு முக்கியமாப் படுது. ஊர்லேருந்து வந்து நம்மகூட இருக்கிற அம்மா. மூட்டுத் தேய்மானம், மூணு மாடி ஏற முடியலை. அவங்ககிட்ட போய் ஸ்குவாட் பண்ணுங்கம்மான்னா செருப்பு பறக்கும். இங்க வரிசை தலைகீழ். பிசியோதெரபிஸ்ட் முதல்ல கொடுக்கிறதே ஐசொலேஷன்தான்: கட்டில்ல கால் நீட்டி, முழங்காலுக்கு அடியில சுருட்டின துண்டை வச்சு, அஞ்சு எண்ணுற வரைக்கும் அழுத்தணும். அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி இறக்கணும். வலி ஏறினா நிறுத்திட்டு அவர்கிட்டயே கேட்டுக்கணும். முழங்காலைத் தாங்குற முன்தொடை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா பலமாகும்.

தொடை தேறினதும் நாற்காலியிலேருந்து கை ஊன்றாம எழுந்து உட்காரச் சொல்லுவாங்க. அதுவும் ஸ்குவாட்தான், அம்மாகிட்ட பேரைச் சொல்லாதீங்க.