மழைக்காலத்துக்கு ஒரு மண்டபம்

பங்குனியில் திரௌபதி அம்மன் கோவில்களில் கொடி ஏறிவிட்டால் ஆடி வரைக்கும் கூத்தாடும் குழுக்களான ஜமாக்களுக்கு உறக்கம் பகலில்தான். ராத்திரி கட்டியங்காரன் வந்து ஆரம்பித்து வைத்தால் விடிந்த பிறகே மங்களம். முக்கிய வேடம் கட்டுகிறவரே பல ஜமாக்களில் தலைவராகவும் இருப்பார். வேனுக்கு வாடகை பேசுவதும், வராமல் போன முகவீணைக்காரருக்குப் பதில் ஆள் பிடிப்பதும், கோபித்துக்கொண்ட பெண் வேடக்காரரைச் சமாதானம் செய்வதும் அவர் பாடுதான். காலையில் அரிதாரம் கலையாத முகத்தோடு விழாக் குழுவிடம் பாக்கிப் பணத்துக்கு நிற்பதும் அவரே.

அவர் படுத்தால் ஜமாவும் படுத்துவிடும்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரக் கூத்துக் கலைஞர்களும் ஆர்வலர்களும் சேர்ந்த குழு ஒன்று இந்தக் கவலையோடு ஊர்மக்களிடம் வந்திருக்கிறது. அடவும் பாட்டும் சொல்லித்தர வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஜமாவை நடத்தச் சொல்லித்தர யாருமில்லை. ஆட்டம் இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் அதற்கென்று ஒரு பயிற்சி நடத்த அவர்கள் கைகோத்திருக்கிறார்கள்.

இந்தக் குறை கொரோனாக் காலத்தில் நன்றாகவே தெரிந்தது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. வருஷச் சம்பாத்தியம் முழுக்க வர வேண்டிய மாதங்கள் அவை. பல ஜமாக்களிடம் இருந்ததெல்லாம் வெற்றிலை பாக்கோடு வாங்கிய முன்பணமும் வாய்ச்சொல்லும்தான். ஆட்டம் நின்றால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுத்தில் கிடையாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. ஆனால் பதிவு இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

கலைஞர்கள் தாங்களே நிர்வாகத்தைக் கையில் எடுத்த கதை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை அது நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்தே படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் கட்டை என்னும் மர அணிகளைக் கட்டி ஆடினார்கள். அது ஒரு வேடக்காரரின் திறமையால் மட்டும் நடந்துவிடவில்லை. கணக்கு எழுதவும், நிதி திரட்டவும், அடுத்த வருஷத்தை இந்த வருஷமே யோசிக்கவும் ஆள்கள் இருந்தார்கள்.

“கூத்துக்காரனுக்கு எதுக்குய்யா மேனேஜர் படிப்பு?” என்று சில பெரியவர்கள் சிரிக்கக்கூடும். பாடத்தைக் கேட்டால் சிரிப்பு அடங்கும். பங்குப் பணத்தை எல்லாரும் பார்க்கும்படி எழுதுவது, ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் போடுவது, வாரியப் பதிவை முடிப்பது, விடிய விடியப் பாடும் தொண்டையைக் காப்பது, ஜமாவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பாதுகாப்பான ஒப்பனை இடம் தருவது. எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், தலைவர் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுப்பது. இதற்குத்தான் நாள்கள் கூடுதலாக வேண்டும். பழகிய கைக்கு விட மனம் வராது.

ஊராரிடம் குழு பெரும் பணம் கேட்கவில்லை. மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் கல்யாண மண்டபம் ஒன்று, சில நாள் சாப்பாட்டுக்கு அரிசி. கணக்கு வழக்கு தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒரு வக்கீல், ஒரு தொண்டை மருத்துவர் ஆளுக்கு ஒரு நாள் வந்தால் போதும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாரியப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாம்.

விழாக் குழுக்களிடம் தனியாக இரண்டு விஷயங்கள். சீரியல் செட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் ரசீது வாங்குகிறவர்கள் கூத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். திரௌபதி அம்மன் கோவில் பாரத விழாவின் இரவுகளில் ஒன்றை ஜமாவின் இளையவர் பொறுப்பில் விட்டுப்பார்க்க வேண்டும். துரியோதனன் சாயும் படுகளத்தன்று வேண்டாம், அன்றைக்கு ஊர் பொறுக்காது. தொடக்கத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் ஓர் இரவு போதும். ஜமாவின் தலைவர் அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.