மெயின் லைனுக்கு இரண்டாவது தண்டவாளம் எப்போது?

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியே தஞ்சை செல்லும் பாதைக்கு 'மெயின் லைன்' என்று பெயர். பெயர்தான் பெரிது. சுமார் 190 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த முதன்மைப் பாதையில் இன்றைக்கும் ஓடுவது ஒற்றைத் தண்டவாளமே. பின்னாளில் விருத்தாசலம் வழியாகப் போடப்பட்ட 'கார்டு லைன்' இரட்டைப் பாதையாகிவிட்டது. அதை நாம் குறை கூறவில்லை, வரவேற்கவே செய்கிறோம். அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறோம்.

ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். எதிரே வருவது ஏதேனும் ஒரு நிலையத்தின் பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். எக்ஸ்பிரசுக்காகப் பாசஞ்சர் நிற்கும். இரண்டுக்காகவும் கூட்ஸ் நிற்கும். ஒரு வண்டி அரைமணி தாமதமானால் அன்று எதிர்ப்பட்ட வண்டிகளெல்லாம் அந்தத் தாமதத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏன் நிற்கிறது என்று கேட்டால் 'கிராசிங்' என்ற ஒரே சொல்தான் பதில். கல்லூரி மாணவனும், மருத்துவமனைக்குப் புறப்பட்ட கிழவியும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெயிலில் காத்திருக்கிறார்கள்.

சரக்கு விஷயம் இதைவிட மோசம். 42 பெட்டிகள் கொண்ட ஒரு நெல் வண்டி நூறு லாரிகளுக்கு மேற்பட்ட சுமையை ஒரே மூச்சில் கொண்டுபோகும். அந்த வண்டி பக்கப் பாதையில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தால் யாருக்கு லாபம்? திருவாரூரிலிருந்து தஞ்சை வரும் பாதையும் ஒற்றைதான். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியும் டெல்டாவின் நெல்லும் அந்த ஒரே தண்டவாளத்துக்குப் போட்டியிடுகின்றன. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை! 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் தேங்கி, மழையில் நனைந்து முளைவிட்டதை நாடறியும். அதற்கு ரயில்பாதை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். சாக்கு, கிடங்கு, லாரி என்று பல குறைகள் உண்டு. ஆனால் நெல் விரைந்து வெளியேற வழி குறுகலாக இருப்பதும் அவற்றில் ஒன்று என்பதை மறுப்பார் உண்டா?

போதிய போக்குவரத்து இல்லை, வருமானம் வராது என்பது இத்தகைய திட்டங்களுக்கு எதிராக எழும் பழைய வாதம். பாதை இல்லாததால் வண்டி விடுவதில்லை. வண்டி இல்லாததால் பாதை போடுவதில்லை! இந்த வட்டத்தை ரயில்வே அமைச்சகம்தான் உடைக்க வேண்டும். நாட்டில் சரக்குக்கென்றே கிழக்கிலும் மேற்கிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இரண்டு தனிப்பாதைகள் எழுந்தன. இரண்டில் ஒன்றும் தமிழகத்தைத் தொடவில்லை. நாம் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. இருக்கும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று.

ஆறுகளும் வாய்க்கால்களும் நிறைந்த பூமியில் பாலங்கள் அதிகம், செலவும் அதிகம் என்பதை ஒப்புகிறோம். காலமும் பிடிக்கும். சென்னைக் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4.3 கிலோமீட்டர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலின் ஒரு பகுதியை ஏழு மாதம் என்று சொல்லி நிறுத்தினார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். 2006 முதல் 2010 வரை அகலப் பாதைக்காக விழுப்புரம்–மயிலாடுதுறை மக்கள் ரயிலே இல்லாமல் பொறுத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. இம்முறை ஓடும் வண்டிகளை நிறுத்தாமலே பக்கத்தில் வேலை நடத்தலாம்.

2028இல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். அதற்குள் முழுப் பாதையும் இரட்டையாகிவிடும் என்று நாம் கனவு காணவில்லை. தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலான சுமார் 40 கிலோமீட்டரிலாவது உடனே வேலையைத் தொடங்கட்டும். கூட்ஸ் ஒதுங்கும் பக்கப் பாதைகளை நிலையங்களில் அதிகப்படுத்தட்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வுக்கான பணம் அல்ல, தண்டவாளம் போடுவதற்கான பணம். டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதை ஒரே குரலில் கேட்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.