எண்ணிக்கை மட்டும் போதுமா?

சகோதரனே! வக்ஃப் திருத்த மசோதா 2025 ஏப்ரல் 3 அதிகாலை மக்களவையில் 288க்கு 232 என நிறைவேறியது. ஓட்டில் தோற்பது நமக்குப் புதிதல்ல. அதற்கு முன் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில் நடந்ததைப் பார்! எதிர்க்கட்சியினர் கொடுத்த திருத்தங்கள் ஒன்றுவிடாமல் தள்ளுபடி. ஆளும் தரப்பினருடையவை 14 ஏற்பு. கேட்டபின் மறுப்பது வேறு. மறுப்பதென்று முடிவுகட்டிவிட்டுக் கேட்பது வேறு. வியாபாரியே! மூன்று பேர் கூட்டுக்கடையில் இருவர் ஒருபக்கம் என்பதற்காக மூன்றாமவனிடம் கணக்கை மறைத்தால், அது அமானித மோசடியல்லவா?

இது திடீர்ப் பழக்கமுமல்ல. மக்களவைத் துணைச் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவு. எதிர்க்கட்சிக்கு அதைத் தருவது நெடுநாள் மரபு. 2019 முதல் 2024 வரை அந்த நாற்காலியே காலி!

உன் தொகுதி எம்.பி. அன்றிரவு எந்தப் பக்கம் நின்றார்? கேட்டு வந்து ஜும்ஆவுக்குப்பின் சொல்.