குழாய் 'சுருக்'கென்றால் சும்மா விடாதீர்கள்!



சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றில் என் தங்கை குடியிருக்கிறாள். 2022 தீபாவளிக்கு அம்மாவும் நானும் தோட்டத்திலிருந்து அங்கே போயிருந்தோம். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன அம்மா, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தார். தோட்டத்து வீட்டில் விறகு அடுப்பில் அண்டா வைத்துச் சுடச் சுட ஊற்றிக்கொள்பவர்!

துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "வெந்நீரைப் போட்டுக் குழாயைத் தொட்டா கை சுருக்குங்குது, தாயி. வயசான நரம்பு, அப்படித்தான் இருக்கும். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே" என்றார்.

நரம்புமில்லை, வயதுமில்லை. ஹீட்டரில் மின்சாரம் கசிந்திருக்கிறது! அடுத்துக் குளிக்கக் காத்திருந்தவன் தங்கையின் ஐந்து வயது மகன்.

மாப்பிள்ளை உடனே திருப்புளியை எடுத்தார். அவரைத் தடுத்து, மெயின் பெட்டியில் ஹீட்டருக்குரிய சுவிட்சை அணைக்கச் சொன்னேன். உரிமம் பெற்ற வயர்மேன் வந்து திறந்து பார்த்தார். உள்ளே சூடேற்றும் கம்பியின் உறை வெடித்திருந்தது. எர்த் கம்பியும் கழன்று கிடந்தது.

நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. தண்ணீர் சூடேறவில்லையா? மெயின் பெட்டியில் சுவிட்ச் விழுந்திருக்கிறதா, தண்ணீர்க் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, சூட்டுக் குமிழ் குறைவில் இருக்கிறதா என்று பாருங்கள். உடனடி ஹீட்டருக்குத் தண்ணீர் வேகமாக வந்தால்தான் சூடு பிடிக்கும். பூவாளியின் துளைகள் அடைத்திருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள். நம் வேலை அதோடு சரி.

குழாய் சுருக்கென்றாலும், கருகல் வாடை வந்தாலும், பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகினாலும், ஏற்றிவிட்ட சுவிட்ச் மறுபடி விழுந்தாலும் மூடியைத் தொடவே கூடாது. காய்ந்த கையால் மெயினை அணைத்து, வயர்மேனைக் கூப்பிடுங்கள். தொட்டி வைத்த ஹீட்டராக இருந்தால், அதன் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைத்து விடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறித் தொட்டி வெடிக்கக்கூடும்.

ஜாலான் புசார் சாலையில் குளியலறைச் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. ஹீட்டர் வாங்குவது எளிது. சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் மலேசியாவில் சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் மாட்டுவது நம் வேலையல்ல. 3,300 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண மூன்று கால் பிளக் 13 ஆம்பியருக்கு உரியது. ஆகவே பிளக்கில் செருகாமல், தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் போடச் சொல்லுங்கள்.

உயிர் காக்கும் கருவி இன்னொன்று உண்டு. மின்கசிவைக் கண்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. அது. சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புது வீடுகளுக்குக் கட்டாயமானது. தங்கையின் வீடு அதற்கு முன்பே கட்டியது. அங்கே அது இல்லை. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் சட்டம் வந்தது. பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு தவணை தந்தார்கள். உங்கள் வீட்டில் இருந்தால், மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி பழுது.

யாரையாவது மின்சாரம் தாக்கினால் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

மகள் வீட்டிலும் மருமகன் வீட்டிலும் குறை சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே நிறைய. வேறு எதையும் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா. குழாய் சுருக்கென்றால் மட்டும் வீடே கேட்கக் கத்திச் சொல்லுங்கள்.