அளந்ததையே மறுபடியும் அளத்தல்

பொதுப்பணத்தைப் பங்கிடும் பொறுப்பிலுள்ளவர்கள் விஞ்ஞானிகளை நோக்கிக் கேட்கும் கேள்விகளுள், கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தொனித்து, சில சந்தர்ப்பங்களில் பெருங்கேடாக முடிவது ஒன்று உண்டு: 'இவ்வருஷம் புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள்?'

சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3400 மீட்டர் உயரத்தில், நகரப் புகை எளிதில் எட்டாத காற்றை 1958 மார்ச்சில் அளக்கத் தொடங்கியபோது, அதில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 313 பங்கு இருந்தது. அடுத்த இரு மாதங்களில் அது ஏறிற்று, மின்சாரம் தடைப்பட்டு நின்ற கருவி மீண்டும் ஓடியபோது குறைந்திருந்தது, பின்னும் குறைந்தது. இதில் ஒழுங்கென்பதே இராதோ என்று அவரே கலங்கினார். மறுவருஷமும் அதே மாதங்களில் அதே ஏற்றமும் அதே இறக்கமும் திரும்பி வந்த பிறகுதான், பூகோளத்தின் வடபாதியில் தாவரங்கள் துளிர்த்துத் தழைக்கையில் வாயுவை உட்கொண்டும், இலையுதிர்ந்து மட்குகையில் அதை வெளிவிட்டும் நடத்துகின்ற மாபெரும் சுவாசத்தையே தமது கருவி பதிவு செய்கிறதென்பது அவருக்குப் புலப்பட்டது.

அந்தச் சுவாசத்துக்கு அடியிலேதான் மெய்யான செய்தி மறைந்திருந்தது. ஒரு வருஷத்துக்குள் நிகழும் ஊசலாட்டம் சுமார் 6 பங்கு. அக்காலத்தில் வருஷத்துக்கு வருஷம் மிஞ்சிய ஏற்றமோ 1 பங்குக்கும் குறைவு. ஆகவே, 1958 மே மாதத்தில் ஒரு முறையும், நாலு வருஷம் கழித்து ஓர் அக்டோபரில் மறுமுறையும் மலையேறி அளந்துவிட்டு இறங்கியவர், எவ்வளவு நேர்மையாளராயினும், கரியமிலவாயு குறைந்து வருகிறதென்றே சாட்சி சொல்லியிருப்பார். பொய்யான அளவு எதுவும் இன்றியே பொய்யான முடிவுக்கு வந்துசேர இதைவிடச் சுலபமான வழி இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழுந்த வாயுவைச் சமுத்திரம் விழுங்கிவிடும் என்றிருந்தோரின் நிம்மதியைக் குலைத்தது, சலிப்பின்றித் திரும்பத் திரும்ப எழுதிவைத்த இக்கணக்கே.

இத்தனைக்குப் பிறகும், வாடிக்கை அளவீடு ஆராய்ச்சியாகாது என்ற எண்ணம் பணம் வழங்குவோரை விட்டபாடில்லை. கீலிங் பணம் வேண்டி ஓயாமல் விண்ணப்பங்கள் எழுத வேண்டியிருந்தது. (புகழை நாடுபவர் இத்தொழிலுக்கு வராமலிருப்பது இருசாராருக்கும் நல்லது.) 2005-இல் அவர் காலமான பிறகு அவருடைய குமாரர் ரால்ப் கீலிங் பணியைத் தொடர்ந்தார். 2022 நவம்பரில் எரிமலையே வெடித்து, பாதையையும் மின்கம்பிகளையும் நெருப்புக் குழம்பு அழித்தபோதும், பக்கத்துச் சிகரமான மௌனா கேயாவில் மறுமாதமே அளவு தொடங்கிவிட்டது. 2025 மே மாதச் சராசரி 430 பங்கைத் தாண்டிற்று.

எரிமலை விளைத்த தடையைவிடக் கஜானா விளைத்த தடை நீண்டது. 1964-இன் முற்பகுதியில், செலவைச் சுருக்க வேண்டுமென்று சில மாதங்கள் கருவியை நிறுத்திவைத்தார்கள். அந்த மாதங்களுக்கு உரிய அளந்த எண் இன்றளவும் கிடையாது.