பதில் தெரியாத கேள்வி

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு வந்த திட்டு, பாராட்டு ரெண்டுக்கும் நன்றி. இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பயப்படாதீங்க, நடுவுல சுண்டல் வரும்.

எங்க தாத்தா வீடு மயிலாப்பூர்ல, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல ஒரு சந்துல இருக்கு. கீழே நாங்க, மாடியில பெரியப்பா குடும்பம். நான் எட்டாவது படிக்கும்போது தாத்தா தவறிட்டார். அடுத்த வருஷமே மாடிப்படிக்கு நடுவுல ஒரு கிரில் கேட் முளைச்சது. அதுக்கு ரெண்டு பூட்டு! பங்குனி மாசம் அறுபத்து மூவர் அன்னிக்கு எங்க மொட்டைமாடியில நின்னா மாட வீதியில போற பல்லக்கெல்லாம் தெரியும். சின்ன வயசுல பெரியப்பாதான் என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுவார். இப்போ நாங்க கீழே கூட்டத்துல நசுங்கி நின்னு பார்க்கிறோம். அப்பா போட்ட பாகப்பிரிவினை கேஸுக்கு இப்போ அஞ்சு வயசு.

போன மாசம் நீதிபதி, ''ரெண்டு பேரும் சமரச மையத்துக்குப் போய் உட்கார்ந்து பேசுங்க''ன்னு அனுப்பிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா சொன்ன முதல் வார்த்தை: ''அவன்கூட இனிமே என்ன பேச்சு?''

எனக்கோ அந்த மையம்னா என்னன்னே தெரியாது. நம்ம சப்ஜெக்ட் எலெக்ட்ரானிக்ஸ். ஆனா கூட ஸ்கூல்ல படிச்சவன் ஒருத்தன் லா காலேஜ்ல கடைசி வருஷம் இருக்கான். போன் போட்டேன். ''மச்சி, கரெக்டான நேரத்துல கூப்பிட்டே! சமரசப் போட்டிக்கு நாங்க ப்ராக்டீஸ் பண்றோம். சண்டை போட ஒரு ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நாகேஸ்வர ராவ் பார்க் வந்துடு''ன்னான்.

அந்தப் பார்க் இருக்கிற லஸ் சர்ச் ரோட்டுலதான் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வீடு. அரசியல் சட்ட வரைவுக் குழுவுல இருந்தவர். மயிலாப்பூர்ல அந்தக் காலத்துல தடுக்கி விழுந்தா வக்கீல் மேலதான் விழணும்னு பாட்டி சொல்வாங்க. வாதாடி ஜெயிச்ச ஊர்ல, வாதாடாம இருக்கிறதுக்கு பயிற்சி! அதுவும் வாக்கிங் போற தாத்தாக்களுக்கு நடுவுல.

கொஞ்சம் வரலாறு சொல்லிடறேன். இந்தியாவுல கோர்ட்டோட சேர்ந்து இயங்குற முதல் சமரச மையம் நம்ம சென்னை ஹைகோர்ட் வளாகத்துலதான் 2005 ஏப்ரல் 9-ல ஆரம்பிச்சது. அதுக்கு முக்கியமா உழைச்சவர்கள்ல ஒருத்தர் சீனியர் வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல 89-ம் பிரிவு 2002 ஜூலையில அமலுக்கு வந்ததால, 'இது பேசித் தீர்க்கக் கூடிய கேஸ்'னு நினைச்சா நீதிபதியே அனுப்பி வைக்கலாம். அங்கே உட்கார்றவர் பேரு சமரசர். தீர்ப்பு சொல்ற அதிகாரம் அவருக்குக் கிடையாது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாத்தான் முடிவு. ஒத்துவரலையா? கேஸ் பழைய இடத்துக்கே திரும்பிடும். ஒத்துவந்தா கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாம, தாங்களே தனியா பேசி முடிச்சுக்கிட்டவங்களுக்கும் இது உண்டுன்னு 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. அந்த வழக்குல மேல்முறையீடு போட்டது யாரு தெரியுமா? சாட்சாத் மெட்ராஸ் ஹைகோர்ட்டே!

சரி, பார்க்குக்கு வருவோம். பயிற்சி கொடுக்க ஒரு வக்கீல் மேடம் வந்திருந்தாங்க. நாற்பது மணி நேரப் பயிற்சியை முடிச்ச சமரசர். ''எந்தக் கேஸை எடுத்துக்கலாம்?''னு கேட்டாங்க. நான் சும்மா இல்லாம எங்க வீட்டுக் கதையைச் சொன்னேன். ''அப்படியா? அப்ப நீங்க பெரியப்பாவா உட்காருங்க''ன்னுட்டாங்க. அப்பாவா இல்லை, பெரியப்பாவா! தூக்கிவாரிப் போட்டுச்சு.

முதல்ல என் ஃப்ரெண்ட் சமரசர். ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே, ''சார், நீங்க பெரியவர். தம்பிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?''ன்னான். எனக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு. ''நான் எதுக்குய்யா விட்டுக்கொடுக்கணும்?''னு கத்தினதுல பக்கத்து பெஞ்சுல பேப்பர் படிச்சவர் எழுந்து போயிட்டார். அடுத்து அவன், ''வீட்டு வரியை நீங்கதானே மூணு வருஷமா கட்டலை?''ன்னு கேட்டான். சத்தம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

மேடம் நிறுத்தினாங்க. ''குறுக்கு விசாரணையில பதில் தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாதுன்னு படிச்சிருப்பே. இங்கே அதுக்குத் தலைகீழ். பதில் தெரியாத கேள்வியை மட்டும்தான் கேட்கணும்.'' வக்கீலுக்கு இதுதான் கஷ்டமாம். அஞ்சு வருஷம் கத்துக்கிட்டதைக் கழட்டி வெச்சுட்டு வந்து உட்காரணும்.

இன்னொண்ணும் சொன்னாங்க. நான், ''தம்பி எங்க அப்பாவை ஏமாத்தி கையெழுத்து வாங்கப் பார்த்தான்''னு கத்தினேன் இல்லையா? அதையே அவங்க, ''அப்பா சொத்துல ஒரு முடிவு எடுக்கும்போது உங்களைக் கலந்துக்கலைங்கிறது உங்களுக்கு வருத்தம். சரியா?''ன்னு திருப்பிச் சொன்னாங்க. அதே விஷயம்தான், குற்றச்சாட்டை மட்டும் எடுத்துட்டாங்க. எனக்கு 'ஆமாம்'னு சொல்றதைத் தவிர வழியில்லை. நம்ம எலெக்ட்ரானிக்ஸ்ல இம்பீடன்ஸ் மேட்ச் ஆகலைன்னா அனுப்பின சிக்னல்ல ஒரு பங்கு அப்படியே திரும்பி வருமே, அந்த ஞாபகம்தான் வந்துச்சு.

இடைவேளையில சுண்டல். (சொன்னேன்ல!) அப்புறம் மேடமே சமரசர் சீட்ல உட்கார்ந்தாங்க. என்னை மட்டும் தனியா கூப்பிட்டாங்க. இந்தத் தனிச் சந்திப்பு இதுல ரொம்ப முக்கியமாம். இங்கே சொல்றதை என் அனுமதி இல்லாம எதிர்த்தரப்புக்குச் சொல்ல மாட்டாங்க.

''இந்த வீட்டுல எது போனா உங்களால தாங்க முடியாது?''

பாதிப் பங்குன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவங்க அவசரப்படுத்தலை. எதுவும் பேசாம பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பத்து செகண்ட் இருக்கும். ''மாடி ரூம்''னு வந்துச்சு. ''கடைசி ரெண்டு வருஷம் அப்பா அங்கதான் படுத்திருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கி உட்கார வெச்சது நான். தம்பி காலைல வந்து எப்படி இருக்கார்னு கேட்டுட்டு ஆபீஸ் போயிடுவான்...''

ஃப்ரெண்ட்ஸ், இதெல்லாம் நடிப்புக்காக நான் கட்டின கதை இல்லை. நடந்தது. நானே கண்ணால பார்த்தது. ஆனா இந்த அஞ்சு வருஷத்துல எங்க வீட்டுல கேஸைப் பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு தடவைகூட இது பேச்சுல வந்ததில்லை.

கேட்கிறது ஒண்ணு, அதுக்குப் பின்னாடி நிஜமா தேவைப்படுறது வேறொண்ணு. ஹார்வர்டுக்காரங்க ஃபிஷரும் யூரியும் 1981-ல எழுதின 'கெட்டிங் டு யெஸ்'ல இதைத்தான் பெருசா சொல்றாங்க. அதுல வர்ற எகிப்து - இஸ்ரேல் உதாரணம் பிரமாதம். சினாய்ப் பகுதி முழுசும் வேணும்னு எகிப்து. கொஞ்சமாவது எங்களுக்குன்னு இஸ்ரேல். வரைபடத்துல எப்படிக் கோடு போட்டாலும் ஒருத்தர் ஒத்துக்கலை. எகிப்துக்குத் தேவை தன்னோட மண். இஸ்ரேலுக்குத் தேவை எல்லையில டாங்கி நிக்கக் கூடாது. 1978-ல கேம்ப் டேவிட்ல, மண் முழுசும் எகிப்துக்கு, ஆனா பெரும்பகுதியில ராணுவம் கூடாதுன்னு முடிஞ்சது.

சமரசம் எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல வரலை. அயோத்தி வழக்குல 2019 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் மூணு பேர் குழு போட்டுச்சு. காரைக்குடிக்காரரான முன்னாள் நீதிபதி கலிஃபுல்லா, பாபநாசத்துல பிறந்த ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர், நம்ம ஸ்ரீராம் பஞ்சு. மூணு பேருமே நம்ம பக்கத்து ஆளுங்க! மாசக்கணக்கா பேசியும் முடியலை. ஆகஸ்ட்ல தினசரி விசாரணை தொடங்கி, நவம்பர் 9-ல தீர்ப்புதான் வந்துச்சு. அடி வாங்கின பொண்ணையும் அடிச்சவனையும் ஒரே மேஜையில உட்கார வெச்சு 'பேசிக்கோங்க'ன்னா அது சமரசமே இல்லை, பலமுள்ளவன் இன்னொரு தடவை அமுக்குறதுதான். இதை எப்போ மறுக்கணும்னு தெரியறதும் அந்த வேலையில சேர்த்தின்னு மேடம் சொன்னாங்க. 2023-ல தனியா ஒரு சமரசச் சட்டமே வந்தாச்சு, ஆனா அந்த அக்டோபர்ல சில பிரிவுகள் மட்டும்தான் முதல்ல அமலுக்கு வந்துச்சு. சட்டம் வந்தா மட்டும் போதுமா? கேள்வி கேட்கத் தெரிஞ்ச ஆளுங்க வேணுமே.

வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட அதே கேள்வியைக் கேட்டேன். ''எதுக்குப்பா வித்துப் பிரிக்கணும்னு நிக்கிறீங்க? வித்தா என்ன கிடைக்கும்?'' கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். (இதான் கஷ்டம்!) அப்பா தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தார். மோர் ஊத்திக்கிட்டார். அப்புறம் சொன்னார்: ''உன் படிப்புக் கடன் அடையும்டா.''

எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கலை.

ஃப்ரெண்டுக்குப் போன்ல சொன்னேன். துள்ளிக் குதிச்சான். ''மச்சி, சூப்பர்! பெரியப்பாவே உங்க பங்கை தவணையில வாங்கிக்கலாம், கடனும் அடையும்...''னு அடுக்க ஆரம்பிச்சான். ''மேடம் என்ன சொன்னாங்க? தீர்வை நீ சொல்லாதேன்னுதானே?''ன்னேன். ''ஸாரிடா''ன்னு வெச்சுட்டான்.

சிட்டிங் வர்ற வியாழக்கிழமை. நேத்து காலேஜுக்குக் கிளம்பும்போது பெரியப்பா கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தார். ''வியாழக்கிழமை எத்தனை மணிக்குடா?''ன்னார். ''பத்தரைக்கு, பெரியப்பா''ன்னேன். தலையை ஆட்டிட்டு மேலே போயிட்டார்.

இதை எழுதலாமான்னு அப்பாவைக் கேட்டேன். ''பேர் போடாதே, தெரு போடாதே''ன்னார். வியாழக்கிழமை அந்த ரூமுக்குள்ளே பேசுறது எதுவும் வெளியே வரக் கூடாது, நீதிபதிக்கே முடிஞ்சதா முடியலையான்னு மட்டும்தான் போகும். அதனால இந்தக் கதை இனிமே இந்தப் பக்கத்துல வராது. அடுத்த வாரம்: லேப் எக்ஸாம்ல என் சர்க்யூட்ல இருந்து புகை வந்த வரலாறு!