ஆர்க்கிட் அழுகினால் முதலில் காற்று, பிறகுதான் கரைசல்

ஆர்க்கிட் இலை மஞ்சளானாலோ வேர் அழுகினாலோ நம் இயற்கை விவசாய நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், எதை ஊத்தலாம்?" பஞ்சகவ்யாவா, ஜீவாமிர்தமா, மீன் அமிலமா? உரக்கடையில் போய் "எதை அடிக்கலாம்?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாட்டில் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. அழுகும் ஆர்க்கிட்டுக்கு முதல் வைத்தியம் ஊத்துறதை நிறுத்துவது என்பதே என் கருத்து.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பூந்தமல்லிக்கு மேற்கே விவசாயம் பார்க்கிறேன். அம்பத்தூர் வீட்டு மாடியில் டென்ட்ரோபியமும் வாண்டாவும் தொங்குகின்றன. எங்க பக்கம், ஆவடி வரைக்கும், வீட்டுக்கு வீடு இப்போ ஆர்க்கிட் ஆசை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில்தான் பாதிச் செடிகள் போய்ச் சேருகின்றன.

காரணம் எளிது. நாம் வளர்க்கிற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவை அல்ல. மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சுவதும் இல்லை. அவற்றின் வேரைச் சுற்றி பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை பெய்ததும் அது நீரைக் குடித்துப் பச்சையாகும், காய்ந்ததும் வெள்ளி நிறமாகும். நனைந்து, காற்றில் சீக்கிரம் காய்ந்துவிட வேண்டும். அதுதான் அதன் வாழ்க்கை. செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டியில் வைத்தால் வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேரில் பூஞ்சை குடியேறுகிறது. அதன் மேல் சாணமும் வெல்லமும் கலந்த கரைசலை ஊற்றினால் விருந்து யாருக்கு?

கொடுமுடி டாக்டர் நடராஜன் வடிவமைத்த பஞ்சகவ்யாவை நான் குறை சொல்லவில்லை. என் நெல்லுக்கு 3 சதவீதக் கரைசல்தான் தெளிக்கிறேன். வயலில் அதை வாங்கிக்கொள்ள உயிருள்ள மண் இருக்கிறது. ஆர்க்கிட் தொட்டியில் இருப்பது கரித்துண்டும் ஓட்டுத்துண்டும்தானே.

ஆகவே, முதலில் இலையைப் படியுங்க. அடியில் ஒரே ஒரு இலை மஞ்சளாகி விழுந்தால் அது வயசு, விட்டுடுங்க. சித்திரை வெயிலில் வெளுத்து, பிறகு பழுப்பாகிக் காய்ந்து, அதற்கு மேல் பரவாமல் நின்றால் வெயில் சுட்டது. நிழல்வலைக்குக் கீழே மாற்றினால் போதும். எல்லா இலையும் ஒரே சீராக வெளிர் மஞ்சளானால் வெயில் அதிகம், அல்லது சத்துக் குறைவு. நுனி மட்டும் கருகினால் உப்பு. எங்க பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சிக்கனம் என்று ஆர்க்கிட்டுக்கு ஊத்தாதீங்க, அதில் உப்பு இன்னும் அதிகம். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமான மாநிலம் நம்முடையது. மாடிக் குழாயடியில் ஒரு டிரம் வைத்தால் ஆர்க்கிட்டுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

இலையில் நீர் கோத்த மாதிரி புள்ளி, ஓரிரு நாளில் பரவி, நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். குருத்திலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கினால் கருப்பழுகல். இந்த இரண்டுக்கும் மட்டும் அவசரம் உண்டு. செடியைத் தனியே பிரியுங்க. பிளேடைத் தீயில் காட்டி, நல்ல பகுதியிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி தீயில் காட்டணும். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் படக்கூடாது, நல்ல வேரையும் உலர்த்திவிடும். வேரை விரலால் அழுத்திப் பாருங்க. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கு. தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நின்றால் அதை வெட்டி எறியுங்க. பழைய கரியையும் தேங்காய் மட்டையையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். புது மட்டைத் துண்டுகளில் உப்பு இருக்கும், பல தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே போடணும். பிறகு சில நாள் தண்ணீர் காட்டாமல் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்க.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா எல்லாம் இதற்கு அப்புறம்தான். அவை வருமுன் காக்கும், அழுகின திசுவை உயிர்ப்பிக்காது. மழைக்கு முன்பே, புரட்டாசியில் தெளிப்பது புத்திசாலித்தனம். தாமிர மருந்தும் இயற்கை வேளாண்மையில் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்டதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் ஆகாது, கருக்கிவிடும். நுண்ணுயிர்களையும் அது கொல்லும்.

மாடித்தோட்டப் பொழுதுபோக்குக்கு இவ்வளவு விளக்கமா என்று நினைக்கலாம். இதைப் பார்த்துத்தான் கொய்மலர் வியாபாரத்துக்கு நிழல்வலைக் குடில் போட ஆசைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பம்தான். 2003 வாக்கில் உச்சத்துக்குப் போன வெனிலா விலை அடுத்த ஓரிரு ஆண்டில் சரிந்தது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அழுகல் நோயும் விலைச் சரிவும் சேர்ந்து விவசாயிகளைப் படுத்திய பாடு மறந்திருக்காது. கடன் மனுக்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடன் வாங்குமுன் பத்துச் செடியை வீட்டில் வைத்து ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிக் காட்டுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி விடாமல் கொட்டினால் எங்கே தொங்கவிடுவீங்க என்பதற்கும் பதில் வச்சிருங்க.

பத்தில் எட்டு பிழைத்தால் குடிலைப் பற்றி யோசிக்கலாம். ஐந்துதான் நின்றது என்றால் குறையைக் கரைசலில் தேடாதீங்க. தண்ணீர் எங்கே தேங்கியது, காற்று எங்கே தடைப்பட்டது என்று பாருங்க.